கப்பல் நிறுவனத்தின் கடற்கரை

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு நாள் சென்று வரப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. காலையில் பேருந்து ஏறினால் அரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். ஆண்டாள் சந்நிதியில் தரிசனம், மதியம் ஏதாவதொரு கடையில் சாப்பாடு, திரும்பும்போது அரைக் கிலோ பால்கோவா. அந்தக் குடும்பம் செலவழிக்கும் தொகை பூ கட்டுபவர், ஆட்டோ ஓட்டுநர், உணவக உரிமையாளர், பால் ஊற்றுபவர் எனப் பல கைகளுக்குச் செல்கிறது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பால்கோவாவின் சந்தையே ஊருக்கு வந்துபோகிறவர்களால் உருவானதுதான்.

இதற்கு நேர் எதிரான ஒரு நாளை உலகின் பெரும் சொகுசுக் கப்பல் நிறுவனங்கள் வடிவமைத்துள்ளன. பஹாமாஸில் ராயல் கரீபியன் நிறுவனத்துக்குரிய கோகோகே தீவில் இறங்கும் பயணி, நிழற்குடிலையும் நீர்ச்சறுக்குப் பூங்காவையும் பயணத்துக்கு முன்பே அந்த நிறுவனத்திடமே பணம் கட்டி முன்பதிவு செய்துகொள்கிறார். மதிய உணவும் அந்நிறுவனத்துடையதே. கப்பலில் வாங்கிய பானச் சலுகை கரையிலும் செல்லும். பயணிக்கு இது வசதி என்பதில் ஐயமில்லை. பேரம் பேச வேண்டியதில்லை, ஏமாறும் அச்சமும் இல்லை. ஆனால், அவர் பஹாமாஸுக்குச் சென்றார் என்று சொல்ல முடியுமா என்பது வேறு கேள்வி.

1977-இல் நார்வேஜியன் நிறுவனம் தொடங்கிவைத்த வழக்கம் இது. கோகோகேயை மேம்படுத்த ராயல் கரீபியன் செலவிட்டது சுமார் 25 கோடி டாலர். 2025 ஜூலையில் கிராண்ட் பஹாமாவில் கார்னிவல் நிறுவனம் திறந்த கடற்கரை வளாகத்தின் செலவு சுமார் 60 கோடி டாலர். துறைமுக நகரின் கடைகளில் பயணி செலவிட்டிருக்கக்கூடிய பணத்தைத் தன்னிடமே தக்கவைத்துக்கொள்ள முடியும் என்பதே இந்த முதலீட்டின் கணக்கு.

ஹைட்டியின் லபாடி இதன் கடுமையான முகம். 1986 முதல் ராயல் கரீபியன் பயன்படுத்திவந்த, வேலியிட்ட அந்தத் தீபகற்பத்தில், 2010 ஜனவரி நிலநடுக்கத்துக்குச் சில நாள்களிலேயே சுற்றுலாக் கப்பல்கள் வந்து நின்றன. நாடு பிணங்களைத் தேடிக்கொண்டிருக்கையில் வேலிக்குள் கடற்குளியலா என்று கண்டனம் எழுந்தது. நிவாரணப் பொருள்களையும் அதே கப்பல்கள் கொண்டுவந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இதில் என்ன தொடர்பு? 2022 ஜூனில் சென்னையிலிருந்து கார்டேலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பல் பயணத்தை முதல்வர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். 1990-இல் ராயல் கரீபியனுக்காகக் கட்டப்பட்டு, அந்நிறுவனத்திடமிருந்து கைமாறி வந்த கப்பல் அது. அப்போது புதுச்சேரியில் சூதாட்டத்தைக் காரணம் காட்டி எதிர்ப்பு கிளம்பியது. கப்பலுக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஒழுக்கம் பற்றி நடந்த அந்த விவாதத்தில், பயணிகள் இறங்கினால் ஊர் வணிகருக்கு எவ்வளவு சேரும் என்ற கேள்வி பின்னுக்குப் போயிற்று. மறு ஆண்டு ஜூனில் அதே கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்குச் சென்றது. அங்கெல்லாம் வேலியிட்ட தனிக் கடற்கரை இல்லை. பயணிகள் பார்க்க இருந்தவை கோயில்களும் கடைத்தெருக்களும்தாம்.

மத்திய அரசு 2024 செப்டம்பர் 30 அன்று தொடங்கிய 'க்ரூஸ் பாரத்' இயக்கம், 2029-க்குள் சொகுசுக் கப்பல் பயணிகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்க முனைகிறது. நம் கடலோர ஒழுங்குமுறை விதிகள், இரு கடற்கரை விடுதிகளுக்கு இடையே பொதுமக்கள் செல்லக் குறைந்தது 20 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கின்றன. நல்ல விதிதான். ஆனால், அது காப்பது மணலுக்குச் செல்லும் வழியை மட்டுமே. வருமானம் செல்லும் வழியை அன்று.

தூத்துக்குடியில் நாளை இத்தகைய கப்பல்கள் தொடர்ந்து வந்து நின்றால், ஸ்ரீவில்லிபுத்தூர் ஒருநாள் பயணத் தொலைவுக்குள்தான் இருக்கும். உள்ளூர் வாகனங்கள், உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள், ஊருக்குள் செலவிடப் போதிய நேரம் ஆகியவற்றை அனுமதி வழங்கும் ஒப்பந்தத்திலேயே அரசு நிபந்தனையாக எழுத வேண்டும். நசாவ் நகரருகே ராயல் கரீபியனின் கடற்கரை மன்றத்தில் 49 விழுக்காட்டுப் பங்கைப் பஹாமாஸ் தன் தரப்புக்குக் கேட்டுப் பெற்றது, பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு. கையெழுத்துக்கு முன்பு கேட்டதால்தான் அது கிடைத்தது.