எரியாத விளக்கு எதற்கு, நண்பர்களே?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது நம் சங்கச் செயலாளர் ஒரு நிபந்தனை போட்டான். "எதைப் பத்தி வேணா எழுது மச்சான், 'இளைஞனே எழுந்து வா' மட்டும் வேணாம். ஏற்கெனவே நாலு வந்திருக்கு." ஆகவே நான் சைக்கிள் விளக்கைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீர்கள்!

நம் சைக்கிள் ஸ்டாண்டை ஒரு தடவை சுற்றி வாருங்கள். இரண்டு வருடமாக நம்மவர்களுக்கு ஒரு மோகம் பிடித்திருக்கிறது. பழைய சைக்கிள் ஒன்றை வாங்குவது, மட்கார்டைக் கழற்றி வீசுவது, ஹேண்டில்பாரை மாற்றுவது, கறுப்பு பெயிண்ட் அடிப்பது. கடைசியாக, முன்னால் ஒரு பெரிய வட்ட ஹெட்லைட். அந்தக் காலத்து புல்லட்டில் இருக்குமே, அதே மாதிரி, மேலே தொப்பி வைத்தது. கம்பீரமாகத்தான் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. நானும் ஒன்று செய்தவன்தான். புதுப்பேட்டையில் அரை நாள் அலைந்து, பேரம் பேசி, 250 ரூபாய்க்கு ஒரு பழைய ஹெட்லைட் கூடு வாங்கி வந்து மூன்று நாள் பாலிஷ் போட்டேன். அதை மாட்டிய அன்று அப்பா பார்த்தார்.

"எரியுமாடா?"

"இல்லப்பா. சும்மா அழகுக்கு."

"ம்" என்றார். அவ்வளவுதான்.

ஒரு நாள் சாயங்காலம் ஸ்டாண்டில் நின்று எண்ணினேன். இப்படி ஹெட்லைட் வைத்த சைக்கிள் பதினொன்று. அதில் எரிந்தவை இரண்டு!

சைக்கிளுக்கு எதற்கு மோட்டார் சைக்கிள் விளக்கு என்று கேலி செய்பவர்களுக்கு ஒரு சேதி. அந்த வட்ட விளக்கு ஒன்றும் சைக்கிளுக்கு அந்நியமில்லை. ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தில் ரெடிச் என்ற ஊரில் முதலில் சைக்கிள்தான் செய்தது. மோட்டார் சைக்கிள் வந்தது 1901-இல். ஹெட்லைட்டுக்கு இரண்டு பக்கமும் சின்னக் கண்கள் மாதிரி விளக்கு வைத்த அந்த முகம் 1954-இல் வந்தது. அடுத்த வருடம் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா. பிறகு திருவொற்றியூர் தொழிற்சாலை. 2013-இல் நம் ஒரகடம். 2017-இல் நம் வல்லம் வடகால். லூகாஸ் கதையும் இதே மாதிரிதான். பர்மிங்ஹாமில் மண்ணெண்ணெய் விற்ற ஜோசப் லூகாஸ் பெயர் வாங்கியது 'கிங் ஆஃப் த ரோட்' என்ற சைக்கிள் எண்ணெய் விளக்கால். 1961-இல் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். ஆக, நம் ஊரைச் சுற்றியுள்ள வாகனத் தொழிலின் கொள்ளுத் தாத்தா ஒரு சைக்கிள் விளக்கு என்று சொன்னால் தப்பில்லை.

என் சொந்தத் தாத்தாவைக் கேட்டால் வேறு கதை சொல்வார். அந்தக் காலத்தில் ராத்திரி விளக்கில்லாமல் சைக்கிளில் போனால் போலீஸ்காரர் நிறுத்துவாராம். "ரெண்டு டயர்லயும் காத்தப் புடுங்கி வுட்டுருவாரு. வூடு வரைக்கும் தள்ளிக்கிட்டே வரணும்." இப்போது யாரும் நிறுத்துவதில்லை, கேட்பதில்லை. பதினொன்றாம் வகுப்பில் எனக்கு வந்த இலவச சைக்கிளில் முன்னால் கூடை இருந்தது, மணி இருந்தது, விளக்கு இல்லை. ஜெர்மனியில் சைக்கிளுக்கு முன்விளக்கும் பின்விளக்கும் சட்டப்படி கட்டாயம். அதுவும் 2013 வரை பொதுவாக டைனமோ விளக்குதான் இருக்க வேண்டும் என்று விதி. பிறகுதான் பேட்டரி விளக்கையும் ஒப்புக்கொண்டார்கள்.

சரி, ஏன் இதையெல்லாம் சொல்கிறேன்? போன கார்த்திகையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்கு வல்லம் வடகாலில் கேன்டீன் வேலை, கான்ட்ராக்டில். செகண்ட் ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் கிளம்ப இரவு பதினொன்று தாண்டும். சிப்காட் மெயின் ரோட்டில் வெளிச்சம் இருக்கும். ஊருக்குத் திரும்பும் ரோட்டில் கம்பம் முடிந்த பிறகு கும்மிருட்டு. அங்கேதான் ஒரு கன்டெய்னர் லாரியின் பக்கவாட்டு இடித்துப் பள்ளத்தில் விழுந்தார். இடது மணிக்கட்டு உடைந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு, ஆறு வாரம் சம்பளம் இல்லை. அந்த டிரைவர் ஓடிப்போகவில்லை. அவரே தூக்கி, ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார். நான் கோபத்தோடுதான் போனேன்.

"தம்பி, சத்தியமா தெரியலப்பா. கிட்ட வந்த அப்புறம்தான் ஆள் இருக்கறதே தெரிஞ்சுது" என்றார்.

என்ன சொல்வது? கருநீல யூனிஃபார்ம், பின்னால் பாதி உடைந்த ரிஃப்ளெக்டர். அவர் சொன்னது உண்மை. அந்த நேரத்தில் வீட்டுத் திண்ணையில் நிற்கிறது என் சைக்கிள், முன்னால் இத்தனை பெரிய ஹெட்லைட்டோடு!

அதற்குப் பிறகு அந்தக் கூட்டை எரிய வைக்க உட்கார்ந்தேன். எளிது என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். புல்லட் ஹெட்லைட்டின் ஹாலஜன் பல்பு 12 வோல்ட், 60/55 வாட். சைக்கிள் டைனமோ கொடுப்பதோ 6 வோல்ட், 3 வாட்; முன்னால் 2.4, பின்னால் 0.6. ஒரு ஆள் நிதானமாக மிதித்தால் கால் கொடுக்கும் சக்தியே மொத்தம் 75-லிருந்து 100 வாட்தான். அதில் 60-ஐ விளக்கு தின்றால் சைக்கிள் எங்கே நகரும்? நம் வகுப்பு நண்பன் ஒருவன் யூ.பி.எஸ். பேட்டரியைக் கேரியரில் கட்டி ஓட்டினான். இரண்டு கிலோவுக்கு மேல் எடை, ஒரு மணி நேரத்தில் காலி. இப்போது அந்த பேட்டரி அவன் வீட்டு யூ.பி.எஸ்.ஸுக்கே திரும்பிவிட்டது.

ஆகவே எல்.இ.டி. டைனமோவில் வருவது ஏ.சி. என்பதால் நான்கு ஷாட்கி டையோடு வைத்து ஒரு பிரிட்ஜ். முதலில் 1 வாட் எல்.இ.டி. போட்டேன். பிரமாதமாக எரிந்தது. இரண்டாம் நாள் ஏரிக்கரை இறக்கத்தில் வேகமாக வந்தேன், கருகிவிட்டது! வேகம் கூடினால் வோல்டேஜ் கூடுமே, அதனால்தான் என்று நினைத்தேன். ட்ரிபிள்-இ நண்பன்தான் நோட்டில் போட்டுக் காட்டினான். வேகம் கூடினால் வோல்டேஜும் கூடும், ஃப்ரீக்வென்சியும் கூடும்; ஃப்ரீக்வென்சி கூடினால் காயிலின் இண்டக்டிவ் ரியாக்டன்ஸும் கூடும். ஒன்றை ஒன்று அடித்துக்கொள்வதால், ஓரளவு வேகத்துக்கு மேல் கரன்ட் ஏறக்குறைய அரை ஆம்பியரிலேயே நின்றுவிடும். 1 வாட் எல்.இ.டி. தாங்குவது 350 மில்லி ஆம்பியர்தான். 700 தாங்குகிற 3 வாட் எல்.இ.டி. மாற்றினேன். இன்றுவரை பிரச்சினை இல்லை. பரீட்சைக்கு மனப்பாடம் செய்த பாடம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. பழைய ரிஃப்ளெக்டர் கிண்ணம், நாலா பக்கமும் ஒளி வீசும் ஃபிலமென்ட்டுக்காகச் செய்தது. எல்.இ.டி. முன்பக்கம் மட்டும்தான் வீசும். அப்படியே உள்ளே வைத்தால் கிண்ணத்துக்கு வேலையே இல்லை, வெளிச்சம் சிதறிப் போகும். ஆகவே ஒரு அலுமினியப் பட்டையைக் குறுக்கே வைத்து, எல்.இ.டி.யைக் கிண்ணத்தைப் பார்த்துத் திருப்பி ஒட்டினேன். சூடும் அந்தப் பட்டை வழியாக இறங்கிவிடுகிறது. இந்த வேலைக்கு ஒர்க்ஷாப்பில் ட்ரில்லிங் மெஷின் கொடுத்து உதவிய அண்ணனுக்கு நன்றி (பெயர் போட வேண்டாம் என்றார்!). பத்து மீட்டர் முன்னால் தரையில் வெளிச்சம் விழுகிற மாதிரி தலையைச் சாய்த்து முடுக்குங்கள். எதிரே வருகிறவர் கண்ணில் அடித்தால் அவரும் பள்ளத்தில் போவார்.

பின் விளக்குதான் உயிர் காக்கும், அதை மறந்துவிடாதீர்கள். வண்டி நின்றால் டைனமோவும் நிற்குமே, அப்போது என்ன செய்வது? சிவப்பு எல்.இ.டி.க்கு ஒரு சூப்பர் கெப்பாசிட்டர் சேர்த்தேன். நின்ற பிறகும் ஒரு நிமிடத்துக்கு மேல் எரிகிறது.

"முந்நூறு ரூபாய்க்கு யூ.எஸ்.பி. லைட் கிடைக்குது, இவ்வளவு பாடு எதுக்கு?" என்று கேட்டான் ஹாஸ்டல் நண்பன். நியாயமான கேள்வி. உன்னால் தினம் சார்ஜ் போட முடியுமானால் அதையே வாங்கு, உடனே வாங்கு. ஆனால் அப்பாவோடு வேலை பார்க்கும் ஒடிசா அண்ணன்கள் ஒரு அறையில் ஆறு பேர் இருக்கிறார்கள், பிளக் பாயிண்ட் ஒன்று. அதில் போனுக்கே சண்டை. கழற்றி மாட்டும் லைட்டை வெளியே விட்டால் மறுநாள் இருக்காது. போல்ட் போட்டு முடுக்கிய டைனமோவை யாரும் அவசரத்தில் எடுத்துப் போக முடியாது, சார்ஜும் வேண்டாம். போன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓட்டுகிறவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நம் ஆண்டு விழாவில் அலங்கார சைக்கிள் போட்டி வைக்கிறோமே, அதைச் சாயங்காலம் ஏழு மணிக்கு, கிரவுண்டு லைட்டை அணைத்துவிட்டு வைத்தால் என்ன? எரிகிற விளக்குக்கு மட்டும் மார்க் போடட்டும். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் மரம் நடுகிறோம், சந்தோஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வல்லம் வடகால் ரோட்டில் டேபிள் போட்டு, வருகிற போகிற சைக்கிளுக்கெல்லாம் பின் விளக்கு மாட்டிக் கொடுத்தாலும் அதுவும் பணிதானே? ஒரு சைக்கிளுக்குப் பத்து நிமிடம் ஆகும்.

அந்த ஹெட்லைட் இப்போது அப்பாவின் சைக்கிளில் இருக்கிறது. முதல் நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, "மிதிக்கக் கொஞ்சம் கனமா இருக்குடா, 'ர்ர்ர்'ருனு சத்தம் வேற" என்று குறை சொன்னார். மறுவாரமே கேன்டீனிலிருந்து இரண்டு பழைய டைனமோக்களைப் பையில் போட்டுக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். யாருக்கு என்று கேட்டேன். "அந்தப் பசங்களுக்குத்தான்" என்றார். ஷாட்கி டையோடு தீர்ந்துவிட்டது. இந்த வாரம் யாராவது ரிச்சி தெரு பக்கம் போவதாக இருந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்