பின்னால் கொடு, முன்னால் ஓடு!

காலை எட்டு மணிக்கு அத்திப்பட்டில் எலக்ட்ரிக் டிரெயின் ஏறி, இறங்க வேண்டிய ஸ்டேஷனிலேயே இறங்கவும் தெரிந்தவரா நீங்கள்? அப்படியானால் ரக்பி உங்களுக்குப் பாதி தெரியும் ஸார். மீதியைச் சொல்கிறேன்.

பக்கத்துக்கு 15 பேர். 80 நிமிஷம். முட்டை மாதிரி ஒரு பந்து. எதிராளி கோட்டைத் தாண்டித் தரையில் பந்தை அழுத்தினால் 5 பாயிண்ட். பந்தோடு ஓடுகிறவரைக் கட்டிப் பிடித்துச் சாய்க்கலாம். நம்ம கபடி சமாச்சாரம்தான். ஒரே விசேஷம், ஓடுவது முன்னால், ஆனால் கையால் பந்தை முன்னால் போடக்கூடாது. பின்னால் வருகிறவருக்குத்தான் தள்ளணும். (எங்க ஆபீஸ் ஃபைலும் இப்படித்தான் போகிறது. என்ன, அதை வாங்கிக்கொண்டு முன்னால் ஓட ஆள்தான் இல்லை.)

இதைப் பெண்கள் ஆடுவாங்களான்னு இழுக்காதீங்க. பெண்களுக்கான முதல் உலகக் கோப்பை 1991-லேயே வேல்ஸில் நடந்துவிட்டது. 2025 ஃபைனலை லண்டனில் 81,885 பேர் நேரில் பார்த்தார்கள்.

நம்ம கதைக்கு வருவோம். புனேக்காரர் வாபிஸ் பருச்சா. இந்தியப் பெண்கள் 15 பேர் ஆட்டத்தில் முதன்முதலாக இறங்கியது 2018-ல், சிங்கப்பூரில். கேப்டன் இவர். அங்கே தோல்வி. அடுத்த வருஷம் ஜூன் மாதம், பிலிப்பைன்ஸில் அதே சிங்கப்பூர் டீம் எதிரே. கடைசிக் கட்டத்தில் ஒடிசாப் பெண் சுமித்ரா நாயக் அடித்த பெனால்ட்டி கிக் கைகொடுக்க, 21-19. இந்தியாவின் முதல் வெற்றி! ஓட்டப் பந்தயத்திலிருந்து ரக்பிக்கு வந்த பீகார் ஸ்வீட்டி குமாரியை, பெண்கள் ரக்பிக்கென்றே இருக்கும் ஒரு வெளிநாட்டு இணையதளம் அந்த வருஷத்தின் சிறந்த சர்வதேச இளம் வீராங்கனையாகத் தேர்ந்தெடுத்தது.

எதிர்வீட்டு அண்ணனிடம் இதை உற்சாகமாக அளந்துகொண்டிருந்தேன். கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர். பொண்ணு பிளஸ் டூ, கபடியில் புலி. "அடுத்த வருஷம் ஆட்டம் கீட்டம் எல்லாம் கட்" என்று வீட்டில் உத்தரவு போட்டிருக்கிறார்.

"பேரு கிடைக்கும் தம்பி. ஒண்ணாந் தேதி சம்பளம் கிடைக்குமா?"

நியாயமான கேள்வி. கிரிக்கெட் என்றால் கோடியில் பேசலாம். இங்கே ரெண்டு பாயிண்ட் வித்தியாசத்தில் சிங்கப்பூரை ஜெயித்ததைக் காட்டினால் மளிகைக் கடையில் கால் கிலோ துவரம்பருப்பு கடன் கொடுக்க மாட்டார்கள்.

"அந்த கேப்டனம்மா வேற வேலையும் பார்க்குதுண்ணே. பிசியோதெரபிஸ்ட். முட்டி பிசகினவங்களைச் சரி பண்ற படிப்பு."

அண்ணன் சட்டென்று டீ கிளாஸைக் கீழே வைத்தார். கதவுக்குப் பின்னால் கொலுசுச் சத்தம் நின்றது. ஒட்டுக்கேட்கிறாள்!

"ஆடிக்கிட்டேவா படிச்சுது?"

"படிச்சுக்கிட்டேதான் ஆடுச்சு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் உள்ளே பார்த்து, "ஏம்மா, உன் மார்க் ஷீட்டை எடுத்துட்டு வா" என்றார். பாவம், கபடியில் புலி என்றுதான் சொன்னேன். கெமிஸ்ட்ரியைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.