எழுதுகோலும் ஒரு துலாக்கோலே

வழக்கறிஞர் என்றதும் கறுப்பு அங்கியும் நீதிமன்ற வாதமுமே நம் நினைவில் எழுகின்றன. வழக்கே எழாமல் காக்கும் வழக்கறிஞரும் உளர் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. வணிக ஒப்பந்த வழக்கறிஞரே அவர். நம் மாணவச் செல்வங்களும் வணிகப் பெருமக்களும் அவர்தம் பணியின் அருமையை உணர வேண்டும் என்பது நம் விழைவு.

ஆம்பூர்த் தோல் வணிகர் ஒருவர் அயல்நாட்டு நிறுவனத்திற்குச் சரக்கு அனுப்ப உடன்படுகிறார் எனக் கொள்வோம். ‘தரமான தோலை மாத இறுதிக்குள் அனுப்புவது’ என்னும் ஒரு வரி வணிகருக்குப் போதும், வழக்கறிஞருக்குப் போதாது. தரம் என்பது யாது? பருமன் எத்தனை மில்லிமீட்டர்? அதைச் சோதிப்பவர் யார்? அனுப்புதல் என்பது ஆலையை விட்டுப் புறப்படுவதா, துறைமுகத்தில் கப்பலில் ஏற்றுவதா? வழியில் நனைந்தால் இழப்பு யாரைச் சேரும்? இவ்வினாக்களை நட்பு நிலவும்போதே எழுப்பி, விடைகளை ஐயத்திற்கிடமின்றி எழுதி வைப்பதே அவர் தொழில். பன்னாட்டு வணிகச் சபை 1936இல் சரக்கு வணிகச் சொற்களுக்குப் பொதுப்பொருள் வகுத்து வெளியிட்டதும் இத்தகைய குழப்பங்களைத் தவிர்க்கவே.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் வாய்மொழி உடன்பாட்டையும் பொதுவாக ஏற்கிறது. எனினும், பிணக்கு வந்தபின் அதனை மெய்ப்பிப்பது அரிது. ‘நமக்குள் எதற்கு எழுத்து?’ என்று தொடங்கிய கூட்டு வணிகங்கள், தந்தையர் மறைந்தபின் பிள்ளைகளைப் பகைவராக்கியதை நம் ஊர்களிலேயே கண்டிருக்கிறோம். எழுதக் கேட்பதை ஐயுறவு என்று கருதுவோர் நம்மிடையே பலர். திருமறையின் மிக நீண்ட வசனமோ (2:282), தவணைக் கடன் சிறிதாயினும் பெரிதாயினும் எழுதிக்கொள்ளப் பணிக்கிறது. எழுதுபவர் நீதியுடன் எழுத வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது. அறிந்த நாம் கடைப்பிடிக்கிறோமா?

அந்த நீதியே இத்தொழிலின் உயிர். தம் கட்சிக்காரருக்காக எழுதினும், மறுதரப்பை வஞ்சிக்கும் விதியை நல்ல வழக்கறிஞர் எழுதார். அது பயனும் தராது. தண்டத்தொகையை எவ்வளவு பெரிதாக எழுதினாலும், அதற்கு மேற்படாத நியாயமான இழப்பீட்டையே சட்டத்தின் 74ஆம் பிரிவு அளிக்கிறது.

தமிழ் பயில்வோர்க்கு இத்துறை அயலானதன்று. வேற்றுமை உருபு ஒன்று மாறினும் பொருள் மாறும் என்பதை அறிந்தவர்கள் நீங்கள். நாகூர் ஈன்ற நீதியரசர் மு.மு. இஸ்மாயில் அவர்கள் கம்பனில் தோய்ந்த அறிஞர். சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாகவும் விளங்கியவர். எப்பாடத்தில் இளங்கலைப் பட்டம் பெற்றவரும் உரிய மதிப்பெண் இருப்பின் மூன்றாண்டுச் சட்டக் கல்வியில் சேரலாம். பின்னர் வழக்கறிஞராகப் பதிவு செய்து, அகில இந்தியத் தகுதித் தேர்வில் தேற வேண்டும். ஆங்கிலப் புலமையும், மூத்தவரிடம் அமர்ந்து வரைவெழுதிப் பழகும் பொறுமையும் இன்றியமையாதன.

ஜமாஅத் பெரியோர்களே! இத்தகைய இளைஞர் சிலரையேனும் படிக்க வைப்போம். நம் சிறுவணிகர்க்கு அவர்களைக் கொண்டு உரிய ஆவணங்களை எழுதச் செய்வோம். இன்ஷா அல்லாஹ், நாளைய பகை பல இன்றே தவிர்க்கப்படும்.