பிரம்பும் தொலைபேசி இலக்கமும்

1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டம் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையைத் தோற்றுவித்தது. துன்புறும் பிள்ளை 1929 என்னும் இலக்கத்தை அழைக்கலாம். சபையும் உண்டு, இலக்கமும் உண்டு, இனி நமக்கென்ன கவலை என்றிருப்போரை நோக்கியே இதனை எழுதுகின்றேன்.

அடிபடுவது தன் நன்மைக்கே என நம்பவைக்கப்பட்ட பிள்ளை எதனை முறையிடும்? 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்று வீட்டிலே படிப்பித்தோம். 1939 ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டமோ பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் தண்டிக்கும் உரிமையைக் காத்துக் கொடுத்தது. 2005 இல் கல்வி அமைச்சின் சுற்றுநிருபமொன்று பாடசாலைகளிற் பிரம்படியைத் தடைசெய்தது. பிரம்பு மேசையிலிருந்து அலுமாரிக்குட் போயிற்று, அவ்வளவே. அடிக்கும் பெரியவர்முன் வாய்திறவாதிருக்கப் பழகிய பிள்ளை, அதனினும் கொடியது செய்யும் பெரியவர்முன்னும் வாய்திறவாது. துஷ்பிரயோகம் புரிவோர் நம்பியிருப்பது அந்த மௌனத்தையே.

கலைப்பீடத்திலிருந்து வெளியேறும் நம்மிற் பலர் நாளை ஆசிரியராவோம். (பகிடிவதைத் தடைச் சட்டமும் அதே 1998 இலேதான் வந்தது, விடுதிகளில் அது பட்ட பாட்டை நாமறிவோம்.) "நாங்களும் அடிவாங்கித்தானே படித்தோம்" என்று பெருமை பேசும் நண்பர்களே, அடிக்கு அஞ்சி எட்டாம் வகுப்போடு நின்றவர்கள் உங்களை மறுத்துரைக்க இம்மண்டபத்தில் இல்லை.