சமதர்மம்: சொல்லும் பொருளும்

நம் நாட்டு அரசியல் மேடைகளில் மிகுதியும் அடிபடும் சொற்களுள் ஸோஷலிஸம் என்பதும் ஒன்று. ஒரு சாரார் அதனை மந்திரம்போல் ஓதுகின்றனர்; மற்றொரு சாரார் வசைச்சொல்லாக எடுத்து எறிகின்றனர். அச்சொற்கு நீவிர் கொண்ட பொருள் யாது என்று வினவின், இரு சாராருள்ளும் பெரும்பாலார் விடை கூறார். குரலை மட்டும் உயர்த்துவர். சொல்லை ஆராய்தல் தமிழ் மாணவன் தொழிலாதலின், அரசியலறிஞர்க்குரிய இப்பொருளில் எளியேன் புகுவதை அன்பர்கள் பொறுத்தருள்வார்கள் என்று நம்புகின்றேன்.

முதற்கண் பெயரை நோக்குவோம். இக்கருத்து நம் மொழியுட் புகுந்தபொழுது ஒரே பெயரோடு புகவில்லை. சிலர் அபேதவாதம் என்றனர். பாரதியார் தம் பாரத சமுதாயப் பாட்டில் பொதுவுடைமை என்னும் சொல்லை ஆண்டார். 1931ஆம் ஆண்டில் மார்க்ஸும் எங்கெல்ஸும் இயற்றிய அறிக்கை 'குடி அரசு' இதழில் தமிழாக்கம் பெற்றபோது சமதர்ம அறிக்கை என்னும் பெயர் பூண்டது. நம் அரசியற் சாசனத்தின் தமிழாக்கமோ சமநலச் சமுதாயம் என்கின்றது. அபேதம் என்பது வேறுபாடின்மை. சமம் என்பது ஒப்பு. பொது என்பது பலர்க்கும் உரிமையானது. இவை மூன்றும் ஒன்றல்ல. குழப்பத்திற் பாதி ஈண்டே தோன்றிற்று.

வேறுபாடின்மை எனக் கேட்டவன், கற்றவனும் கல்லாதவனும் ஒன்றாவரோ என்று சினக்கின்றான். சமம் எனக் கேட்டவன், ஊரிலுள்ள பொருளை எல்லாம் தலைக்கு இவ்வளவு என்று கூறிடப் போகிறார்கள் என்று அஞ்சுகின்றான். அங்ஙனம் கூறிட்டால் சூதாடி அன்றிரவே தோற்பான், சிக்கனமுடையான் மறுநாளே இரட்டிப்பான், ஆண்டிறுதியில் பழைய நிலையே வந்து நிற்கும் என்று நகையாடுவாரும் உளர். நல்ல நகைதான். ஆயினும் எவரும் சொல்லாத ஒன்றையன்றோ அவர் நகையாடுகின்றார்! உடுக்கும் வேட்டியையும் உண்ணும் கலத்தையும் பங்கிடுமாறு சமதர்மிகள் கூறினாரல்லர். நிலம், ஆலை, சுரங்கம், வங்கி என்று பலருடைய உழைப்பாற் பயன் தருவன சில உள. அவற்றின் உடைமையும் ஆட்சியும் யாரிடத்து இருத்தல் வேண்டும்? இதுவே அவர் எழுப்பிய வினா. விடை பலவாகலாம், வினா இது ஒன்றே.

இவ்வினாவை எம்மூராகிய காரைக்குடியில் அமைதியாக எழுப்புதல் அரிது. பெரியோர் முன்னிலையில் ஸோஷலிஸம் என்று வாய் திறந்தால், 'பர்மாவை மறந்தாயோ, தம்பி?' என்று விடை வரும். அவ்விடை வெறும் சினத்தால் வருவதன்று. செட்டிநாட்டு மாளிகைகளின் தேக்குத் தூண்களைக் கண்டோர் பர்மாவைக் கண்டோரே. நகரத்தார் பெருமக்கள் அந்நாட்டு உழவர்க்குக் கடன் கொடுத்து, ஐராவதியின் கழிமுகத்தில் நெல் விளைவு பெருகத் துணையாயினர். 1930ஆம் ஆண்டையொட்டி நெல் விலை வீழ்ந்தது; கடன் திரும்பவில்லை; ஈடு வைத்த நிலம் கொடுத்தவர் கைக்கு வந்தது. 1937ஆம் ஆண்டளவில் கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் விளைநிலத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு செட்டிமார் பெயரில் இருந்தது. நிலத்தை விரும்பி அவர் அங்குச் சென்றாரல்லர். பணம் திரும்பினாற் போதும் என்றே இருந்தனர். ஆயினும் நிலமிழந்த பர்மிய உழவனுக்கு அந்நுட்பம் ஆறுதலாகுமா? இதனை எம்மூரார் சொல்வது குறைவு. 1942இல் ஜப்பானியர் படையெடுப்பும், அதன்பின் 1948இல் விடுதலை பெற்ற பர்மாவின் நில நாட்டுடைமைச் சட்டமும் வந்தன. 1962 மார்ச்சுத் திங்களில் நீ வின் என்னும் படைத்தலைவர் ஆட்சியைக் கைப்பற்றி, 'ஸோஷலிஸத்துக்குப் பர்மியப் பாதை' என்று ஒன்றை அறிவித்தார். 1963இல் வங்கிகள் போயின; 1964இல் கடைகள் போயின; பெருமதிப்பு நாணயத்தாள்களும் செல்லாவாயின. கப்பலேறி வந்தோரிற் பலர் பெருஞ்செல்வர் அல்லர்; சிறுகடைக்காரரும் கூலியாட்களுமே. காரைக்குடியிலுள்ள பர்மா காலனி அவர்கள் வரவின் நினைவாக இன்றும் நிற்கின்றது.

அங்ஙனமாயின், ஸோஷலிஸம் என்பது இதுதானே எனலாம். அன்று என்பது என் துணிபு. என்னை? கடைக்காரனிடமிருந்து கடை போயிற்று. அக்கடையில் மூட்டை சுமந்தவனுக்கு அது வந்ததா? வரவில்லை. படைத்தலைவர் குழு ஒன்று எடுத்துக்கொண்டது. அக்குழுவைத் தேர்ந்தெடுத்தார் எவருமிலர். அதனைக் கணக்குக் கேட்பாரும் இலர். உடைமை கைமாறிற்று, பொதுமை வரவில்லை. அரசுடைமை வேறு, பொதுவுடைமை வேறு. அரசு எவ்வளவுக்கு மக்களுடையதோ அவ்வளவுக்கே அரசுடைமையும் மக்களுடைமையாம். கால் நூற்றாண்டுக்குப் பின், 1987இல், ஐக்கிய நாடுகள் சபை அந்நாட்டை மிகவும் பின்தங்கிய நாடுகளின் வரிசையிற் சேர்த்தது. மறுவருடம் பர்மிய மக்களே அவ்வாட்சிக்கு எதிராக எழுந்தனர். 'பாதை'யால் நொந்தோர் நம்மவர் மட்டுமல்லர்.

நாட்டுடைமை என்னும் இதே பெயரால் நம் நாட்டில் நிகழ்ந்த வேறொன்றையும் நினைவூட்ட விரும்புகின்றேன். 1949ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கம் பாரதியார் நூல்களை நாட்டுடைமையாக்கிற்று. அப்பாடல்களின் இசைத்தட்டு, சினிமா முதலிய உரிமை அப்பொழுது காரைக்குடியிற் பிறந்த ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. அவர் அதனை விலையின்றி விட்டுக்கொடுத்தார். அதன்பின் நிகழ்ந்தது யாது? பாரதியார் பாடலை அரசாங்கம் பூட்டி வைக்கவில்லை. எவரும் அச்சிடலாம், எவரும் பாடலாம் என்றாயிற்று. நாலணாவுக்கு அச்சிட்டவனும் உண்டு, பொன்னெழுத்தில் அச்சிட்டவனும் உண்டு. பொது என்னும் சொல்லுக்கு இதனினும் தெளிவான உரை யான் கண்டதில்லை. கவிதை பகிரக் குறையாது. நெல் பகிரக் குறையும் என்று தடை கூறுவர். மெய்யே, ஆதலின் நெல்லின் செய்தி அரிது, கவிதையின் செய்தி எளிது. எனினும், நாட்டுடைமை என்ற ஒரு சொல் இரங்கூனில் ஒன்றையும் சென்னையில் மற்றொன்றையும் குறித்தது என்பதைப் பர்மாவை எடுத்துக்காட்டுவோர் கருதுதல் வேண்டும்.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஒன்றும் எம்மூர் வரலாற்றிலேயே உளது. எம். சி. டி. எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10ஆம் நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்றிடத்தும் ஒருங்கே திறந்தார். 1969 ஜூலை 19ஆம் நாள் நாட்டுடைமையாக்கப்பட்ட பதினான்கு வங்கிகளுள் அதுவும் ஒன்று. ஈண்டுப் படைவீரர் எவரும் வரவில்லை. வழக்கு நடந்தது, 1970இல் உச்சநீதிமன்றம் முதற் சட்டத்தைத் தள்ளிற்று, ஈடுபற்றிய குறையை நீக்கிப் புதிய சட்டம் வந்தது. அதன்பின் சிற்றூர்களில் வங்கிக் கிளைகள் பெருகின என்பது மறுக்கலாகாத உண்மை. ஆனால் அக்கிளையின் மேசை முன் கைகட்டி நிற்கும் உழவன், இவ்வங்கியின் உடைமையாளருள் யானும் ஒருவன் என்று என்றேனும் எண்ணியதுண்டா? உடைமை மாறிற்று, ஆட்சி எவ்வளவு மாறிற்று என்பது ஐயமே. எனவே இதனைப் பாதி ஸோஷலிஸம் என்பேன்.

நிற்க. மற்றொரு மயக்கம் இதனினும் இனியது. ஆதலின் இதனினும் பிழைபடுத்துவது. வள்ளல் அழகப்பச் செட்டியாரை 'ஸோஷலிஸ்டு முதலாளி' என்று நேரு பாராட்டினார் என எம்மூரில் இன்றும் பெருமையோடு கூறுவர். அவ்வள்ளல் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அமைவதற்கு முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து இலட்சம் ரூபாயும் அளித்தார். 1948 ஜூலையில் அதற்கு அடிக்கல் நாட்டியவரும் நேருவே. கல்லூரிகளைப் பெற்ற எம்மூரார் அவர் பெயரைச் சொல்லுந்தோறும் நன்றி கூறக் கடமைப்பட்டவர்கள். எனினும் கொடை கொடையே, ஸோஷலிஸம் அன்று. கொடை கொடுப்பான் உள்ளத்தைச் சார்ந்தது. அவன் கொடாதொழியின் கேட்க வழியில்லை. சமதர்மம் பெறுவான் உரிமையைச் சார்ந்தது. வள்ளுவர் இவ்விரண்டையும் ஓரிடத்து வைத்தாரல்லர். ஒப்புரவறிதலும் ஈகையும் அறத்துப்பாலில் இல்லறத்தானுக்கு உரியவாயின. பொருளை வகுக்கும் திறமோ பொருட்பாலில் இறைமாட்சியில் அரசனுக்கு உரியதாயிற்று. இதுகொண்டு வள்ளுவர் ஸோஷலிஸ்டு என்று மேடையில் முழங்குவாரும் உளர். பரிமேலழகர் அவ்வகுத்தலை அறம் பொருள் இன்பங்களின்பொருட்டுச் செலவிடுதல் என்றே கொண்டார். ஏழைக்குப் பங்கு என்று கொண்டாரல்லர். புலவரைக் கட்சியிற் சேர்க்குமுன் உரையையேனும் ஒருமுறை புரட்டுதல் நலம்.

எம் சமயத்தாரிடத்தும் இம்மயக்கம் உண்டு. ஸோஷலிஸம் நாத்திகம் என்று விலகுவோர் ஒருபுறம். அப்போஸ்தலர் நடபடிகளில் விசுவாசிகள் நிலத்தை விற்று யாவற்றையும் பொதுவாக வைத்தமையைக் காட்டி, அதுவே ஸோஷலிஸம் என்பார் மறுபுறம். முதலாமவர், இங்கிலாந்தில் 1848 முதல் மாரிஸ், கிங்ஸ்லி என்னும் குருமார் தம்மைக் கிறிஸ்தவ ஸோஷலிஸ்டுகள் என்றே அழைத்துக்கொண்டதை அறியார். இரண்டாமவர், அனனியாவின் நிலம் விற்குமுன் அவனுடையதாகவே இருந்தது என்று பேதுரு கூறியதை மறந்தார். எருசலேமில் நிகழ்ந்தது அன்பின் செயல், சட்டமன்று.

காரைக்குடிக்கு அணித்தேயுள்ள சிராவயலில் இளைஞர் ஜீவானந்தம் காந்தி ஆசிரமம் நடத்தி, தாழ்த்தப்பட்டோர் எனப்பட்டவர் பிள்ளைகட்கும் கல்வி புகட்டினார். 1927இல் காந்தியடிகள் அவரைக் காண அவ்வூருக்கு வந்தார். பின்னர்ப் பொதுவுடைமைத் தலைவராகப் புகழ்பெற்றவர் அவரே. மாளிகைகளின் நாட்டிலேயே அவ்விதையும் ஊன்றப்பட்டது என்பதை எம்மூர்ச் சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வதில்லை. 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் சிவகங்கை ஜமீன் ஒழிந்து, உழுதவர் பலர் அரசுக்கு நேரே வரி செலுத்தும் பட்டாதாரர் ஆயினர். அப்பட்டாவைப் பெட்டியில் வைத்துக்கொண்டே ஸோஷலிஸத்தை ஏசுவாரும் நம்மிடை இலரல்லர்.

இனிச் சட்டத்தின் நிலை சிறிது வேடிக்கையானது. அரசியற் சாசன சபையில் 1948இல் கே. டி. ஷா இச்சொல்லைச் சேர்க்க விரும்பினார். வருங்கால மக்களின் கையைக் கட்டலாகாது என்று அம்பேத்கர் மறுத்தார். 1976இல் நாற்பத்திரண்டாம் திருத்தம் அதனை முகவுரையிற் சேர்த்தது. 1989 முதல், தேர்தல் ஆணையத்திற் பதிவுபெற விழையும் கட்சி ஒவ்வொன்றும் ஸோஷலிஸத்துக்கு மெய்யான பற்றுடையதாக இருப்பேன் என்று தன் விதிகளில் எழுதித்தரல் வேண்டும். ஆகவே தொலைக்காட்சியில் ஒருவரையொருவர் ஸோஷலிஸ்டு என்று ஏசுவோர் இருவரும், அங்ஙனம் எழுதிக்கொடுத்த கட்சிகளைச் சார்ந்தவரே! 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் இருமுறை இது குறித்துப் பேசிற்று. தனியார் பொருள் அனைத்தும் சமூகத்தின் பொருள் வளமாகாது என்று ஒன்பதின்மர் அமர்வின் பெரும்பான்மை தீர்த்தது. பின்னர், முகவுரையிலிருந்து அச்சொல்லை நீக்கவேண்டிய மனுக்களைத் தள்ளிய அமர்வு, இந்நாட்டில் அது மக்கள்நல அரசையே குறிக்கும், தனியார் தொழிலுக்குத் தடையாகாது என்றது. தீர்ப்பை ஏற்கின்றோம், எனினும் உடைமையைப் பற்றிய வினா அதனால் விடைபெறவில்லை. இலவச அரிசியும் மிதிவண்டியும் பசிக்கும் நடைக்கும் மருந்து. அவற்றை ஸோஷலிஸம் என்று வாழ்த்துவோரும் ஏசுவோரும் ஒரே பிழையைச் செய்கின்றனர்; ஆலை யாருடையது என்பதை அவை தொடுவதில்லை.

எதிர்ப்பதாயின் இராஜாஜியைப்போல் எதிர்த்தல் வேண்டும். 1955இல் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை ஸோஷலிஸப் பாங்குடைய சமுதாயத்தைக் குறிக்கோளாக ஏற்றது. முதியவராகிய அவர் 1959இல் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்து, உரிமச்சீட்டும் அனுமதிச்சீட்டும் வழங்கும் அதிகாரி புதிய ஜமீன்தாராகிவிடுவான் என்னும் கருத்துப்பட வாதாடினார். அவருடைய முடிவை யான் முழுதும் ஏற்கவில்லை. ஆயினும் அவர் சொல்லோடு சண்டையிடவில்லை. ஆட்சி யார் கையில் என்னும் பொருளோடு சண்டையிட்டார்.

வரும் பருவத்தில் நம் கல்லூரிச் சொற்போர்க் கழகத்தார் இப்பொருளை எடுத்துக்கொள்வரேல், ஸோஷலிஸம் நன்றா தீதா என்று தலைப்பிடவேண்டா. வங்கியின் ஆட்சியில் கடன் பெறும் உழவனுக்கும் வாக்கு வேண்டுமா என்று தலைப்பிடுக. வேண்டும் என்னும் பக்கத்தில் பேச யான் ஆயத்தமாக உள்ளேன். எதிர்ப்பக்கத்துக்குப் பொருளாதார வகுப்பு நண்பர்களை அழைக்கின்றேன்.