சித்திரை முதல் நாளில் நாம் மறந்தவர்கள்

ஏப்ரல் 14 என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவை தமிழ்ப் புத்தாண்டும் அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாளும்தான். காலையில் கோயில், மதியம் மாங்காய்ப் பச்சடியோடு சாப்பாடு, மாலையில் தொலைக்காட்சி. அதே காலையில் நம் ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் காக்கி உடுப்பு அணிந்த ஒரு சிறு கூட்டம் வரிசையாக நிற்கும். பணியில் உயிர்விட்ட தோழர்களுக்கு மலர்வளையம் வைத்து, மௌன அஞ்சலி செலுத்திவிட்டுக் கலையும். அன்று தீத்தொண்டு நாள். 20ஆம் தேதி வரை தீத்தொண்டு வாரம். யாருக்காக அவர்கள் உயிரைக் கொடுத்தார்களோ அந்தப் பொதுமக்கள் என்கிற நாம் பெரும்பாலும் அந்த வளாகத்தில் இருப்பதில்லை. மறுநாள் நாளிதழின் உள்பக்கத்தில் ஒரு பத்திச் செய்தியாக அது வரும். நாம் புரட்டிவிட்டுப் போய்விடுவோம்.

அந்த நாள் ஏன் ஏப்ரல் 14? நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நம் பாடப்புத்தகங்களில் படித்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

1944ஆம் ஆண்டு. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. இங்கிலாந்திலிருந்து கிளம்பி கராச்சி வழியாக வந்த எஸ்.எஸ். ஃபோர்ட் ஸ்டிக்கீன் என்ற கப்பல் பம்பாய் விக்டோரியா துறைமுகத்தில் நின்றது. அதில் சுமார் 1,400 டன் வெடிபொருள் இருந்தது. தங்கக் கட்டிகளும் இருந்தன. கராச்சியில் பருத்திப் பொதிகளையும் ஏற்றியிருந்தார்கள். வெடிமருந்து இருந்த அதே சரக்கறையில் பருத்தியையும் அடைத்தார்கள். ஆபத்தான சரக்கு வந்திருக்கிறது என்று அறிவிக்கும் சிவப்புக் கொடியைக்கூட ஏற்றவில்லை. ஏப்ரல் 14 மதியம் பருத்தியிலிருந்து புகை கிளம்பியது. தீயணைப்பு வீரர்கள் வந்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகும் விலகவில்லை. மணிக்கணக்கில் நின்று நூற்றுக்கணக்கான டன் தண்ணீரை அந்தச் சரக்கறைக்குள் பீய்ச்சினார்கள். மாலை நான்கு மணி தாண்டிச் சில நிமிடங்களில் கப்பல் வெடித்தது. அரைமணி நேரத்துக்குள் இரண்டாவது வெடிப்பு. சிம்லாவில் இருந்த நிலநடுக்கக் கருவியிலும் அந்த அதிர்வு பதிவானது. மொத்தம் இறந்தவர்கள் 800 முதல் 1,300 பேர் வரை இருக்கும் என்கிறார்கள். அதில் 66 பேர் தீயணைப்பு வீரர்கள்.

போர்க்காலத் தணிக்கை காரணமாக நம் நாட்டுப் பத்திரிகைகள் இந்தச் செய்தியை உடனே வெளியிட முடியவில்லை, வாரக்கணக்கில் தாமதமானது. அன்று மறைத்தது வெள்ளைக்கார அரசு. அதன்பிறகு எண்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. இடைப்பட்ட காலத்து மறதிக்கு எந்தத் தணிக்கையையும் நாம் காரணம் காட்ட முடியாது. பம்பாயின் பைகுல்லா தீயணைப்புத் தலைமையகத்தில் அந்த வீரர்களுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. நம்மில் மும்பை போய்வந்தவர்கள் ஏராளம். அதைப் போய்ப் பார்த்ததாகச் சொன்னவர்களைத் தேட வேண்டியிருக்கிறது.

பம்பாயை விடுவோம், நம் ஊருக்கு வருவோம். 2020 நவம்பர், தீபாவளி. மதுரை விளக்குத்தூண் பக்கம் நவபத்கானா தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் தீப்பிடித்தது. பழைய கட்டடம். அணைக்கப் போன வீரர்கள் மீது அது இடிந்து விழுந்தது. இரண்டு பேர் அங்கேயே இறந்தார்கள். வேறு சிலர் காயமடைந்தார்கள். ஊரே புதுத்துணி உடுத்தி வெடி வெடிக்கும் நாளில் இரண்டு வீடுகளில் இழவு விழுந்தது. அரசு நிதி அறிவித்தது. நாம் அடுத்த தீபாவளிக்கும் அதே பகுதியின் மாசி வீதிகளில் நெரிசலுக்குள் புகுந்து துணி எடுத்தோம்.

அந்தப் பகுதிக்குப் போனவர்களுக்குத் தெரியும். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோள் உரசும் சந்துகள். இருபுறமும் இருசக்கர வாகனங்கள். தலைக்குமேல் பின்னிக் கிடக்கும் மின்கம்பிகள். தீபாவளி நெருங்கினால் சிறிய கடைகளில் மூட்டைகள் கூரை வரைக்கும் ஏறும், மாடிப்படியும் கிடங்காகும். துணி எரியும்போது வெளியே தெரியும் தீ அணைந்தாலும் மூட்டைக்குள் கனன்றுகொண்டே இருக்கும். அதை அணைக்க வேண்டுமென்றால் உள்ளே போய் மூட்டை மூட்டையாகப் பிரித்துத்தான் ஆகவேண்டும். ஏற்கெனவே நூறாண்டு பழசான சுவர், மணிக்கணக்கில் வெந்து, பிறகு தண்ணீரில் ஊறி, எப்போது சரியும் என்று தெரியாமல் நிற்கும். அதற்குக் கீழேதான் அந்த வீரர்கள் நிற்க வேண்டும். அப்படி நிற்க வைத்தது தீ மட்டுமல்ல. மலிவாகக் கிடைக்கிறது என்று அந்தக் கடையை நாடிய நாம், விதிப்படி கட்டடம் கட்டாதவர், சான்றிதழைச் சம்பிரதாயமாக வாங்கியவர், கொடுத்தவர் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு.

2012 பொங்கல் விடுமுறையில் சென்னை சேப்பாக்கம் எழிலக வளாகத்தில் இருந்த கலச மஹால் எரிந்தபோதும் இதுதான் நடந்தது. நவாபு காலத்து அரண்மனை, அரசு அலுவலகங்கள், உள்ளே காகிதக் கட்டுகள். கூரை இடிந்ததில் தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். தமிழகத் தீயணைப்புத் துறையின் முதல் பெண் அதிகாரிகளில் ஒருவரான பிரியா ரவிச்சந்திரன் காயமடைந்தார். அரசு நடத்தும் கட்டடமே அந்த நிலையில் இருந்ததென்றால் யாரைக் குறை சொல்வது? தீபாவளி, பொங்கல், சித்திரை முதல் நாள். நாம் விடுமுறை என்று மகிழும் நாட்களில் அவர்களுக்கு விடுப்பு கிடைப்பதே அரிது. தீபாவளி இரவில் ராக்கெட் விழுந்து எரியும் ஓலைக் கூரைகளை அணைக்க அவர்கள் ஊர் ஊராக ஓடுகிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அப்பா இல்லாமல் மத்தாப்பு கொளுத்துகிறார்கள்.

தீ மட்டும் என்று நினைத்தால் அதுவும் நம் அறியாமைதான். துறையின் பெயரே தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் அவர்கள். கிணற்றில் மாடு விழுந்தால் அவர்கள். வெள்ளம் வந்தால் படகோடு அவர்கள். மௌலிவாக்கத்தில் 2014இல் அடுக்குமாடி சரிந்து 61 பேர் இறந்தபோது கான்கிரீட் இடுக்குகளில் நுழைந்தவர்களிலும் அவர்கள் இருந்தார்கள். 2020 ஜூலையில் பெரம்பலூர் மாவட்டத்தில் கிணற்றுக்குள் மயங்கிக் கிடந்தவரைத் தூக்க இறங்கிய தீயணைப்பு வீரர் ஒருவர், விஷவாயுவுக்குப் பலியானார். வெடி வைத்துத் தோண்டும் கிணற்றில் புகையும் நச்சுக்காற்றும் அடியில் தேங்கும் என்பது கிணறு வெட்டுபவர்கள் எல்லோருக்கும் தெரியும். கயிற்றில் வேப்பங்கொத்தைக் கட்டி ஏற்றி இறக்கிக் காற்றைக் கலக்கிவிட்டுத்தான் அந்தக் காலத்தில் இறங்குவார்கள். இன்று அந்தப் பொறுமையும் நமக்கு இல்லை. முதலில் ஒருவர் இறங்குகிறார், அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குகிறார், கடைசியில் 101க்கு அழைக்கிறோம்.

அழைத்த பிறகு நாம் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2017 ஜூலையில் சென்னை கொடுங்கையூரில் ஒரு பேக்கரி எரிந்தது. உள்ளே இருந்த சிலிண்டர் வெடித்தது. அணைக்க வந்த வீரர் ஒருவர் இறந்தார். நாற்பதுக்கும் மேற்பட்டோர் தீக்காயம் அடைந்தார்கள். அவர்களில் பலர் வேடிக்கை பார்க்க வந்து நின்றவர்கள். 2012 செப்டம்பரில் சிவகாசி முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்து ஏறக்குறைய 40 பேர் இறந்தபோதும், ஓடிவந்து சூழ்ந்து நின்றவர்கள் அதில் சிக்கினார்கள். உதவ வந்தவர்களை நான் குறை சொல்லவில்லை. கையில் செல்போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஓஸ் பைப்பின் மேல் ஏறி நின்றவர்களைச் சொல்கிறேன். விலகச் சொல்லிக் கத்தியே பாதிச் சக்தியை இழக்கும் வீரர்களை எந்தத் தீவிபத்துக் காணொளியிலும் பார்க்கலாம். அந்தக் காணொளியை எடுத்தவர்களும் நாம்தான்.

பிறகு ஒரு குறை சொல்லுவோம்: "எல்லாம் எரிஞ்சு முடிஞ்ச பிறகுதான் வந்தாங்க." நிலையத்தில் மணி அடித்ததும் ஒரு நிமிடத்துக்குள் வண்டி கிளம்பிவிடுகிறது. அதன்பின் ஆகும் தாமதத்துக்குப் பெரும்பகுதி நாம் காரணம். அவசர ஊர்திக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் என்று 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். சைரன் கேட்டும் ஓரம் கட்டாமல், அந்த வண்டியின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு விரைபவர்கள் அதற்குப் பிறகும் குறையவில்லை. தெருமுனையில் குறுக்காக நிறுத்திய கார், கல்யாணப் பந்தல், கட்சி வளைவு, இவற்றையெல்லாம் தாண்டித்தான் அந்த வண்டி வர வேண்டும். ஒரு தண்ணீர் வண்டியின் கொள்ளளவு சாதாரணமாக 4,500 லிட்டர். பம்ப் முழு வேகத்தில் ஓடினால் சில நிமிடங்களில் அது காலி. திரும்ப நிரப்ப அருகே தண்ணீர் வேண்டும். குளத்தைத் தூர்த்து மனை போட்டுவிட்டோம். அடுக்குமாடியின் தீயணைப்புத் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று எந்தச் சங்கக் கூட்டத்திலும் நாம் கேட்பதில்லை. விளையாட்டாக 101க்கு அழைத்து இல்லாத தீயைச் சொல்லும் பிள்ளைகளை அதட்டவும் நமக்கு மனம் வருவதில்லை.

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீயில் 94 குழந்தைகள் கருகியபோது நாடே அழுதது. பள்ளிகளின் கீற்றுக் கொட்டகைகள் அகற்றப்பட்டன. அதுவரை அந்தக் கொட்டகைக்குள் நம் பிள்ளைகளைத் தினமும் அனுப்பிவைத்தவர்கள் யார்? அன்று அந்தச் சின்னஞ்சிறு உடல்களைத் தூக்கி வந்த தீயணைப்பு வீரர்களும் தகப்பன்கள்தான். அந்தக் காட்சியோடு அவர்கள் எப்படித் தூங்கினார்கள் என்று ஒருவராவது போய்க் கேட்டோமா? இதுவே எனக்கு மிகவும் உறுத்துவது. அவர்கள் வீரத்தைப் புகழவாவது நாம் ஒரு வார்த்தை வைத்திருக்கிறோம். அவர்கள் மனம் படும் பாட்டைப் பற்றி நாம் பேசியதே இல்லை.

குடியரசு நாளிலும் சுதந்திர நாளிலும் தீயணைப்பு வீரர்களுக்கும் குடியரசுத் தலைவரின் பதக்கங்கள் அறிவிக்கப்படுகின்றன. தமிழக அரசு அண்ணா பதக்கமும் பொங்கல் பதக்கமும் தருகிறது. அவை தேவை, அரசு தன் கடமையைச் செய்கிறது. பதக்கம் வாங்கியவர் நம் தெருவிலேயே குடியிருந்தாலும் நமக்குத் தெரிவதில்லை. நடிகர் பிறந்தநாளுக்கு ஆளுயரப் பதாகை வைக்கும் நம் ஊரில், நிலைய அலுவலரின் பெயரைச் சொல்லச் சொன்னால் எல்லோரும் விழிப்போம். தாசில்தார் பெயர் தெரியும், காவல் ஆய்வாளர் பெயர் தெரியும். தீயணைப்பு நிலையம் எந்தத் தெருவில் இருக்கிறது என்றே தெரியாதவர்கள் எத்தனையோ பேர்.

இனியாவது ஒன்று செய்வோம். இன்று மாலைக்குள் நம் வீட்டு மாடிப்படியில் கிடக்கும் அட்டைப்பெட்டிகளையும் பழைய சைக்கிளையும் அப்புறப்படுத்துவோம். தெருவில் ஒரு பெரிய வண்டி நுழையும் அளவுக்கு இடம்விட்டு வாகனத்தை நிறுத்துவோம். கடை வைத்திருப்பவர்கள் வழியை அடைக்கும் மூட்டைகளை எடுங்கள். நாங்கள் வாங்க வரும்போது அதைக் கேட்கிறோம். வரும் ஏப்ரல் 14 காலையில், கோயிலுக்குப் போகும் வழியில், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பக்கத்துத் தீயணைப்பு நிலையத்துக்குப் போங்கள். மலர்வளையம் வைக்கும் அந்த வரிசைக்குப் பின்னால் நீங்களும் நில்லுங்கள்.