கடனீரேரியின் பருவமும் அனுமதிப்பத்திரமும்

வாடைக்காற்று எழுந்து, மாரிமழை தரவைகளையும் வாய்க்கால்களையும் நிரப்பி, உப்பாற்றின் வழியாகவும் தொண்டைமானாற்றின் வழியாகவும் நன்னீர் வழிந்தோடும் கார்த்திகை மார்கழி மாதங்களில், திறந்த கடலிலே பொரித்த இறாற்குஞ்சுகள் நீரோட்டத்தோடு கடனீரேரிக்குள் புகுந்து, கடற்புல்லின் அடியில் ஒதுங்கி, சில மாதங்கள் அங்கேயே உண்டு வளர்ந்து, முட்டையிடும் பருவம் நெருங்கியதும் மீண்டும் கடலை நாடிச் செல்கின்றன. குருநகரிலும் பாசையூரிலும் நாவாந்துறையிலும் பிறந்த பிள்ளைக்கு இதனை எவரும் பாடமாகச் சொல்லிக் கொடுப்பதில்லை; தகப்பனின் வள்ளத்தில் நின்று மரக்கோல் ஊன்றப் பழகும் வயதிலேயே, எந்தக் காற்றுக்கு எந்த மீன், எந்த நீர்நிறத்துக்கு எந்த வலை என்னும் சாஸ்திரம் அவனுக்குக் கைவந்துவிடுகிறது. கடற்றொழிலின் பருவங்களையும் அனுமதிப்பத்திர விதிகளையும் காலத்துக்கேற்பத் திருத்தவேண்டும் என்ற பேச்சு நாட்டில் எழுந்திருக்கும் இவ்வேளையில், அச்சாஸ்திரத்தை அறிந்தவர்களைக் கடைசி வரிசையில் நிறுத்திவைத்துச் சட்டம் வரைவது நியாயமாகாது என்பதே நாம் இங்கு வற்புறுத்த விரும்புவது.

1996-ஆம் ஆண்டின் 2-ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளங்கள் சட்டம், 1940-ஆம் ஆண்டின் பழைய கட்டளைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது. குறித்த தொழில்முறைகளுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்றும், குறித்த காலங்களில் குறித்த இனங்களைப் பிடிப்பதை அமைச்சர் விலக்கி வைக்கலாம் என்றும் அது விதித்தது. ஏறக்குறைய முப்பது வருஷம் பழகிய அச்சட்டத்தின் இடத்தில் புதியதொன்றை வைக்கும் முயற்சி அண்மை ஆண்டுகளில் நடந்து, வடபுலத்துத் தொழிலாளரின் ஆட்சேபத்தையும் சந்தித்திருக்கிறது. பழையதாயினும் புதியதாயினும், பருவவிலக்கு என்னும் அதிகாரம் அதில் இருப்பது நன்றே. சிங்க இறாலுக்கு இந்நாட்டில் விலக்குமாதங்கள் உண்டு. முட்டை சுமக்கும் சிங்க இறாலைப் பிடிக்கலாகாது என்ற விதியும் உண்டு. எழுபது மில்லிமீற்றர் விட்டத்துக்குக் குறைந்த சங்கை எடுக்கலாகாது என்ற அளவுப்பிரமாணமும் உண்டு. 1880-களில் ஆங்கிலத் தோட்டத்துரைமார் தம் சொந்த ஊர் நினைவாக நுவரெலியாவின் குளிர்ந்த ஓடைகளில் டிரவுட் என்னும் மீனைக் கொண்டுவந்து விட்டபோது, அது தூண்டில் விளையாட்டுக்குரிய மீனே ஆயினும், கழகம் அமைத்து, குஞ்சு பொரிக்கும் நிலையம் அமைத்து, அனுமதிச்சீட்டு வைத்துப் பேணினார்கள். பொழுதுபோக்குக்கு வந்த அந்நிய மீனுக்கு அத்தனை பரிவு காட்டிய தேசத்தில், ஆயிரமாயிரம் குடும்பங்களின் உலைக்கு அரிசி தரும் யாழ்ப்பாணக் கடனீரேரியின் நண்டுக்கும் இறாலுக்கும் கடலட்டைக்கும் அதனிற் பன்மடங்கு பரிவு காட்டக் கேட்பது மிகையாகாது.

ஆயினும், அனுமதி என்ற சொல்லுக்கு எம் கரையோரத்தில் ஒரு கசப்பான சரித்திரம் இருப்பதைக் கொழும்பில் அமர்ந்து விதி வரைவோர் முதலில் உணரவேண்டும். போர்க்காலத்தில் கடலுக்கு இறங்கப் படையினரின் பாஸ் வேண்டும். இறங்கும் நேரமும் கரையேறும் நேரமும் அவர்கள் குறித்தவை. போகக்கூடிய தூரமும் பூட்டக்கூடிய இயந்திரத்தின் குதிரைவலுவும் அவர்கள் விதித்தவை. மீன் வரும் நேரம் பாஸில் எழுதிய நேரத்துக்கு இசைவதில்லையாதலால், வலை நனையாத நாட்கள் எத்தனையோ எம் மக்களின் வாழ்வில் கழிந்தன. ஒரு காலத்தில் நாட்டின் பெரும் மீன்பிடித் துறைகளில் ஒன்றாக விளங்கிய மயிலிட்டி, 1990-இல் வெறுமையாகி, 2017 ஜூலை மாதத்திற்றான் அதன் ஒரு பகுதியேனும் சொந்தக்காரரின் கைக்கு மீண்டது; இருபத்தேழு வருஷம் ஒரு தலைமுறை தன் துறையைத் தொலைவிலிருந்து பார்த்து வளர்ந்தது. அத்தகைய மக்களிடம் சென்று, இனி இந்த மாதம் பிடிக்கலாகாது, இந்தப் பத்திரம் இன்றி வலை வீசலாகாது என்று உத்தரவாகச் சொன்னால், அது பாதுகாப்பு என்ற பெயரில் வந்த மற்றுமொரு பாஸாகவே அவர்கள் செவியில் விழும். அதே விதியை அவர்களே கூடி வகுத்து, அவர்களுடைய சங்கங்களே காவல் செய்யுமாயின், அது அவர்களுடைய சொந்த வழமையாக நிலைக்கும்.

வழமை என்பது இங்கே வெறும் அலங்காரச் சொல்லன்று. 1707-இல் ஒல்லாந்தர் தேசவழமையைத் தொகுத்தபோது காணியும் சீதனமும் ஒற்றியும் ஏட்டில் ஏறின. கரைவலைப்பாட்டின் முறையோ ஊராரின் நாவிலேயே நின்றது. இன்ன பாடு இன்ன எல்லைக்குள், இன்ன முறைக்கு இன்னார் வலை வளைப்பது, முறை தவறியவர் அடுத்தவருக்கு வழிவிடுவது என்பன வடமராட்சிக் கரைகளில் தலைமுறை தலைமுறையாகப் பிசகாமல் நடந்துவந்தன. கடனீரேரியின் களங்கண்டியும் அவ்வாறே: ஆழம் குறைந்த நீரில் கம்பு நட்டு வலை கட்டி, பெருக்கிலும் வற்றிலும் நீரோடு வரும் மீன் தானாகவே அறைக்குள் சேரும்படி அமைக்கும் அவ்வுபாயம், எவருடைய கம்பு எங்கே நிற்பது என்ற பொது இணக்கம் இன்றி ஒரு நாள்கூட நடவாது. நானூறு சதுர கிலோமீற்றருக்கும் மேற்பட்ட பரப்பும், பெரும்பகுதியில் ஆளுயரத்தை எட்டாத ஆழமும் கொண்ட இந்நீர்ப்பரப்பு, பார்வைக்குத் திறந்த வெளியாகத் தோன்றினும், அறிந்தவர் கண்ணுக்குக் காணிபோலவே எல்லையும் வரம்பும் உடையது.

நண்டை எடுத்துக்கொள்வோம். சினைப்பட்ட பெண் நண்டு தன் வயிற்றின் அடியில் முட்டைத் திரளைச் சுமந்து திரியும். மஞ்சளாக இருந்த அத்திரள் முதிர முதிரக் கபிலமாகிக் கருமையடையும். பின்னர் ஆழத்தை நாடிச் சென்று குஞ்சுகளை விடும். ஒரே நண்டு சுமக்கும் முட்டை இலட்சக்கணக்கில் அமையும். அந்த நண்டை வலையிலிருந்து கழற்றும் கை அதன் நிறத்தைப் பார்த்தே நாளைக் கணிக்க வல்லது. ஆயினும், நிறை பார்த்துக் காசு கொடுக்கும் வியாபாரி அதனையும் வாங்குகிறான் என்னும்போது, பிள்ளையின் பள்ளிச் செலவை நினைத்து அதனைக் கடலில் விட எத்தனை பேருக்கு மனம் துணியும்? ஆகையால், விதி பிடிப்பவனை மாத்திரம் பார்த்து விரல் நீட்டாமல், வாங்குபவனையும் பதனிடும் ஆலையையும் ஏற்றுமதியாளனையும் சேர்த்துக் கட்டவேண்டும். சினை நண்டு எடையிடும் மேசையில் ஏறக்கூடாது என்ற ஒரு விதி, கடலில் ஓடும் ரோந்துப் படகுகள் பலவற்றினும் அதிகம் சாதிக்கும்.

கடலட்டையின் கதை இன்னும் நுட்பமானது. எம்மவர் உண்ணாத, சீனத்துச் சந்தைக்கென்றே உலர்த்தப்படும் இந்த உயிர், ஆணும் பெண்ணும் தத்தம் வித்தை நீரிலே கலந்து விடுவதாற் பெருகுவது. ஓரிடத்தில் அவை நெருங்கி இல்லாதபோது வித்துக்கள் சந்திப்பதில்லை. எண்ணிக்கை ஓர் எல்லைக்குக் கீழே குறைந்தபின், பிடிப்பதை நிறுத்தினாலும் இனம் எளிதில் மீளாது. இந்தியா 2001-இல் எல்லாக் கடலட்டைகளையும் வனவிலங்குச் சட்டத்தின்கீழ் முற்றாக விலக்கியது. விளைவு, பாக்கு நீரிணையின் அக்கரையிலிருந்து கள்ளக்கடத்தல் பெருகியதே என்பதை நாளாந்தச் செய்திகளே கூறும். முற்றான விலக்கும் பயன் தரவில்லை. எம் பக்கத்திலோ அனுமதிப்பத்திரம் கொடுத்துக் கட்டின்றி விட்டதும் பயன் தரவில்லை. 2018-இல் வடமராட்சி கிழக்குக் கரையில் தெற்கிலிருந்து வந்து வாடி அமைத்த சுழியோடிகள், இரவில் விளக்குக் கொண்டு அட்டை பிடிக்கிறார்கள் என்று ஊரார் வீதிக்கு இறங்கியதை நாம் மறக்கவில்லை. அன்று அவர்கள் வெறுப்பினால் எழவில்லை. பத்திரத்தில் எழுதிய நிபந்தனையை எவர் காவல் செய்வது என்பதே அவர்கள் எழுப்பிய வினா. அதற்குரிய விடை இன்றளவும் திருப்தியாகக் கிடைக்கவில்லை.

இதற்கிடையே அட்டைப் பண்ணைகள் வந்தன. அரியாலையில் சீனப் பங்காளிகளோடு குஞ்சு பொரிக்கும் நிலையம் எழுந்தது. 2021-இல் கௌதாரிமுனையிலும், அடுத்த ஆண்டு கிராஞ்சியிலும், தாம் பரம்பரையாக வலை வைத்த இடங்களில் பண்ணைவலை கட்டப்பட்டதென்று தொழிலாளர் முறையிட்டனர். பண்ணைக்குச் சார்பாகச் சொல்லப்படும் வாதங்களை நாம் அலட்சியம் செய்யவில்லை: அந்நியச் செலாவணி கிடைக்கிறது, இளைஞருக்கு வேலை கிடைக்கிறது, இயற்கை அட்டையின் மேலுள்ள நெருக்கடி குறைகிறது என்பன மெய்யாகவே கனமான நியாயங்கள். பெரும் முதலீடின்றி ஒரு சங்கமே கூட்டாக நடத்தும் பண்ணையை நாம் மனமார வரவேற்போம். ஆனால், இறாற்குஞ்சு கடற்புல்லை நாடிச் செல்லும் வழியை வேலியிட்டு மறித்து, சிறகுவலைக்காரனின் இடத்தையும் களங்கண்டிக்காரனின் இடத்தையும் பறித்து, நீர்நிலை யாவர்க்கும் பொது என்ற தர்மத்தைக் குத்தகைப் பத்திரத்தால் முறித்து வரும் அபிவிருத்தி, ஒருவன் தட்டிலிருந்து எடுத்து மற்றொருவன் தட்டில் இடுவதாகவே முடியும். கடனீரேரியின் எப்பகுதி எவருக்கு, எத்தனை காலத்துக்கு, எந்த நிபந்தனையில் கொடுக்கப்பட்டிருக்கிறது என்ற முழு விபரமும் பொதுமக்கள் முன் வைக்கப்பட்டு, இறாலும் நண்டும் போய்வரும் வழிகள் வரையப்படும் வரைக்கும், புதிய பண்ணைகளுக்கு அனுமதி வழங்குவதை நிறுத்திவைக்கவேண்டும்.

பாக்கு நீரிணையை விட்டுப் பருவத்தைப் பேச முடியாது. தமிழகம் 2001-ஆம் ஆண்டு முதல் தன் கிழக்குக் கரையில் இழுவைப் படகுகளுக்கு 45 நாள் தடைக்காலம் வைத்து, 2017 முதல் அதனை ஏப்ரில் 15 தொடக்கம் ஜூன் 14 வரை 61 நாட்களாக நீட்டியிருக்கிறது. அந்த அறுபத்தொரு நாட்களும் மாதகலிலும் ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் வலை வைப்போர் வருஷத்தில் நிம்மதியாக உறங்கும் நாட்கள். இரவு விட்ட வலை விடியலில் அறுபடாமல் கைக்கு வரும் என்ற நம்பிக்கை அப்போதுதான் உண்டு. ஜூன் நடுவில் அக்கரையின் இழுவைப் படகுகள் திரும்பியதும் அந்நம்பிக்கை கலைகிறது. ஒரே கடலில் மீன் ஒரு பக்கம் முட்டையிட்டு மறுபக்கம் வளருவதாயின், ஒரு கரையின் விலக்கை மறுகரையின் இழுவைமடி விழுங்கிவிடும் என்பது வெளிப்படை. எனவே விலக்குக்காலத்தை இரு கரைகளும் கூடியே குறிக்கவேண்டும். அந்த மேசையில் இரு அரசுகளின் உத்தியோகத்தர்களோடு இரு கரைத் தொழிலாளரும் அமரவேண்டும். 2023-இல் இந்தியப் படகுகளுக்கு அனுமதிப்பத்திர முறை ஒன்றைப் பற்றிய பேச்சு எழுந்தபோது வடபுலம் எதிர்த்தது சரியே. அடிமட்ட இழுவை ஒழியாதிருக்க அதற்குப் பத்திரம் கொடுப்பது, களவுக்கு முத்திரை குத்துவதற்கு நிகர்.

இங்கே எம்மவரையும் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியாகவேண்டும். அதனை மறைத்துப் பேசினால் எம் வாதம் முழுவதும் வலுவிழக்கும். 2017 ஜூலையில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 11-ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், எமது மாவட்டத்தின் அன்றைய பிரதிநிதி எம். ஏ. சுமந்திரன் தனிநபர் பிரேரணையாகக் கொண்டுவந்தது; அது அடிமட்ட இழுவையை எவர் செய்தாலும் குற்றமாக்கியது. அக்கரையாரை நோக்கி அச்சட்டத்தை உயர்த்திக் காட்டும் நாம், எம் துறைகளில் எஞ்சியிருக்கும் றோலர்களையும், தடைசெய்யப்பட்ட தங்கூசி வலையையும், வெளிச்சம் பாய்ச்சிப் பிடிப்பதையும் கண்டும் காணாதிருப்பது எவ்வாறு பொருந்தும்? அந்த றோலர்களின் உரிமையாளரும் கடன்பட்டே அப்படகுகளை வாங்கியவர்கள் என்பது உண்மை. ஆதலால், தண்டிப்பதற்கு முன் மாற்றுத் தொழிலுக்கும் மாற்று வலைக்கும் தவணையும் உதவியும் கொடுக்கவேண்டியது அரசின் கடன்; அத்தவணை கழிந்தபின் சட்டம் உறவு பார்க்காமல் நடக்கவேண்டும்.

விலக்குக்காலத்தில் அடுப்பு எரியவும் வழி வேண்டும். தமிழகத்தில் ஒரு குடும்பத்துக்கு 5,000 ரூபாயாக இருந்த தடைக்கால நிவாரணத்தை 8,000 ரூபாயாக உயர்த்துவதாக 2023-இல் அறிவித்தார்கள். தொகை போதுமா என்பது வேறு விவாதம், ஆனால் கடலை மூடும் அரசு குடும்பத்தைத் தாங்கவேண்டும் என்ற தத்துவம் அங்கே ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. இலங்கையில் அத்தத்துவம் புதிய சட்டத்தின் வாசகத்திலேயே ஏறவேண்டும். அட்டையும் நண்டும் ஏற்றுமதியாகி ஈட்டும் செல்வத்திலிருந்து ஒரு பங்கை அதற்கென ஒதுக்குவது கஷ்டமான காரியமன்று. நிதியை மாவட்டத்தின் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சமாசங்கள் மூலமாகப் பகிர்ந்தால், பட்டியலில் இறந்தவர் பெயரும் கடலறியாதவர் பெயரும் ஏறும் அபாயம் பெரிதும் குறையும். மீன் கழற்றியும் கருவாடு போட்டும் பிழைக்கும் பெண்களை அப்பட்டியல் மறந்துவிடலாகாது. படகு பதிவில் இல்லாத காரணத்தால் அவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

ஆகவே அமைச்சையும் திணைக்களத்தையும் நாம் கேட்பது இவை. அடுத்த வாடை எழுமுன் குருநகரிலும் நாவாந்துறையிலும் ஊர்காவற்றுறையிலும் தாளையடியிலும் தமிழிலே பகிரங்க விசாரணை நடத்துங்கள். தொழிலாளர் கரையில் இருக்கும் பகற்பொழுதாகவே அது அமையட்டும். இறாலுக்கும் நண்டுக்கும் அட்டைக்கும் கடனீரேரியின் ஒவ்வொரு பகுதிக்கும் உரிய விலக்குமாதங்களை அவர்கள் வாயாற் கேட்டு எழுதி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கடல்வள அறிஞரைக் கொண்டு சரிபார்த்து, வர்த்தமானியில் அறிவியுங்கள். அனுமதிப்பத்திரம் வழங்குமுன் உரிய சங்கத்தின் சம்மதத்தைக் கேட்கும் விதி கட்டாயமாகட்டும். பண்ணைகளுக்குக் கொடுத்த நீர்ப்பரப்பின் வரைபடம், படிக்கத் தெரிந்த எவரும் நின்று பார்க்கும்படி, ஒவ்வொரு சங்க மண்டபத்தின் சுவரிலும் தமிழில் தொங்கட்டும்.